சுகர் மிஷின் வாங்கியாச்சு, எப்பெப்போ குத்திப் பார்க்கிறது?

கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் இருக்கும் எங்கள் அப்பாரு தினமும் விடிந்ததும் விரலைக் குத்துவார், 118, 122 என்று வரும், காலண்டரில் எழுதிவிட்டு "எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு" என்பார். ஒருநாள் அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து நான் பிடித்து உட்கார வைத்துப் பார்த்தேன். 241. வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். மாம்பழம் அறுத்த கையோடு குத்தி அப்பாருக்கு ஒருமுறை 300-க்கு மேல் காட்டி வீடே பதறியது, கழுவிவிட்டுப் பார்த்தால் 150 சொச்சம்தான். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது, காபியும் கணக்குதான். திருப்பூரில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்குக் காலை ஆறு மணி வெறும் வயிறு ஆகாது, தூங்கி எழுந்து பாருங்கள். சுகர் உள்ளவர்களுக்குப் பொதுவாக 80 முதல் 130 வரை இருந்தால் சரி. கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் அளவு வேறு, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாப்பாட்டுக்குப் பின். ரெண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும், கை கழுவின நேரத்திலிருந்து அல்ல. 180-க்குள் இருக்கப் பாருங்கள். சாப்பிடும் முன் ஒன்று, பின் ஒன்று என்று ஜோடியாகப் பார்த்தால்தான் எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்று பிடிபடும். அப்பாரு ரெண்டு தட்டை ஒன்றாக்கி, கூடவே அவரைக்காய்ப் பொரியலும் சேர்த்துக்கொண்டார், அதே அரிசிம்பருப்புக்கு 176. நாட்டுச்சர்க்கரை ஒன்றும் செய்யாது என்பவர்களும் இப்படி ஜோடியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தினமும் எல்லா வேளையும் குத்த வேண்டுமா? மெட்பார்மின் மாத்திரை மட்டும் போடுபவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை, மிஷினில் சொருகும் ஸ்ட்ரிப் விலையும் சும்மா இல்லை. இன்று காலைச் சாப்பாடு, இன்னொரு நாள் ராத்திரிச் சாப்பாடு என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் அப்படி விட முடியாது, சுகர் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். வண்டி எடுக்கும் முன், படுக்கும் முன், காய்ச்சல் வாந்தி வந்த நாட்களிலும் பார்க்க வேண்டும்.

கை நடுங்கி, வேர்த்து, படபடப்பு வந்தால் நேரம் காலம் பார்க்காமல் உடனே குத்துங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. மிஷின் பக்கத்தில் இல்லையா, சர்க்கரைதான் முதலில். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்ட்ரிப் டப்பா மூடியை உடனே மூடுங்கள், வெயிலில் நிற்கும் காரில் போட்டு வைக்காதீர்கள். எண்ணோடு என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதினால்தான் டாக்டருக்கு உதவும். அப்பாரு காலண்டரில் இப்போது இட்லி, களி, கம்பங்கூழ் எல்லாவற்றுக்கும் ரெண்டு ரெண்டு எண் இருக்கிறது. தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகைக்கு மட்டும் இல்லை, கேட்டால் அன்றைக்கு ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டதாம்.