பெல் அடித்ததும் நாய் துள்ளுகிறதா? தவறு எங்கே நடக்கிறது

காலிங் பெல் அடிக்கிறது. நாய் குரைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடுகிறது. பின்னாலேயே நாமும் "ஏய், சும்மா இரு!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறோம். நாயின் கணக்கில் வீட்டுக்காரரும் சேர்ந்து குரைக்கிறார். அப்படியென்றால் வந்திருப்பது பெரிய விஷயம்தான். தவறு இந்தக் கத்தலிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

மேலே தாவும் நாயைக் கையால் தள்ளுவோம். நமக்கு அது கண்டிப்பு, அதற்கு விளையாட்டு. தொட்டாச்சு, பேசியாச்சு, முகத்தைப் பார்த்தாச்சு, கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது! விருந்தாளி பேசாமல் பக்கவாட்டில் திரும்பி நிற்கட்டும். நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியில் குனிந்து தடவிக் கொடுக்கட்டும். மறுபடி தாவினால் மறுபடி திரும்பிக்கொள்ள வேண்டியதுதான். முதல் சில நாள் தாவல் கூடவே செய்யலாம். இத்தனை நாள் பலித்ததாயிற்றே, இன்னும் கொஞ்சம் முயன்று பார்க்கும். அங்கே இளகினால் போச்சு.

இதைக் கெடுப்பவர் பெரும்பாலும் "பரவாயில்லைங்க, எனக்கு நாய்னா உயிர்" என்கிற நண்பர்தான். பத்துப் பேரில் இவர் ஒருவர் கொஞ்சினால் போதும், வருகிற எல்லார் மேலும் அது தாவிப் பார்க்கும். வாசலுக்கு வெளியிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். நாயைப் பழக்குவதைவிட இவரைப் பழக்குவது கஷ்டம், அது வேறு கதை.

ஆள் வந்து நிற்கும்போது பாடம் நடத்தினால் ஏறாது. யாரும் வராத நேரத்தில் நீங்களே பெல்லை அடியுங்கள். நாயை அதன் விரிப்புக்கு அனுப்பி, அங்கே தீனி கொடுங்கள். தினம் ஐந்தாறு தடவை போதும். பெல் கேட்டால் வாசலுக்கு ஓடியது போய், நாளடைவில் விரிப்புக்கு ஓடும். அதுவரை கதவைத் திறக்குமுன் கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டிவிடுங்கள்.

அப்புறம், குட்டி சந்தோஷத்தில் தரையில் சிறுநீர் விட்டால் திட்டாதீர்கள். அது வேண்டுமென்று செய்வதில்லை. திட்டினால் பயத்தில் இன்னும் கூடும்.

எல்லாத் துள்ளலையும் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்தான தவறு. வால் கால்களுக்கிடையே போயிருக்கிறதா, உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறதா? அது பயம். "ஒண்ணும் பண்ணாது, தடவிப் பாருங்க" என்று விருந்தாளியைக் கை நீட்டச் சொன்னால் கடியில் முடியலாம். உறுமினால் அதட்டவும் வேண்டாம். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கக்கூடும். அப்படிப்பட்ட நாய்க்குக் கடித்து மெல்ல ஏதாவது கொடுத்து, ஆள் கிளம்பும்வரை உள்ளறையில் நிம்மதியாக விட்டுவிடுங்கள்.