கவுன்சில் வரி பில்லில் போலீஸ் தொகை: நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ குடியிருந்தால், மார்ச் மாதம் வீட்டுக்கு வரும் கவுன்சில் வரி பில்லில் போலீசுக்கென்று ஒரு தொகை தனியே போட்டிருக்கும். அதற்கு ‘பிரிசெப்ட்’ என்று பெயர். கவுன்சில் அதை வசூலித்துக் கைமாற்றிவிடுவதோடு சரி, தொகையை முடிவு செய்வதில் அதற்குப் பங்கில்லை. ஏன் கூடியது என்று கவுன்சிலுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பது வீண்.

முடிவு செய்பவர், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த காவல் மற்றும் குற்றத்துறை ஆணையர், அதாவது பி.சி.சி. ‘கமிஷனர்’ என்றதும் நமக்குக் காக்கிச் சட்டைதான் கண்ணில் வரும். இவர் சீருடைக்காரர் அல்ல, 2012 நவம்பரில் முதன்முதலாகத் தேர்தல் வைத்து உருவாக்கிய அரசியல் பதவி இது. 2028 மே மாதத்தோடு இதை ஒழித்துவிடப் போவதாக அரசு அறிவித்திருக்கிறது. லண்டன், கிரேட்டர் மான்செஸ்டர் போன்ற சில இடங்களில் மேயரே இந்த வேலையைப் பார்க்கிறார். அதனால் லண்டன் பில்லில் போலீஸ் பங்கு, கிரேட்டர் லண்டன் ஆணையத்தின் தொகைக்குள் அடங்கியிருக்கும். ஸ்காட்லாந்தில் பிரிசெப்ட் கிடையாது, 2013 ஏப்ரலிலிருந்து ஒரே போலீஸ் படைதான், அதற்கான பணம் ஸ்காட்லாந்து அரசிடமிருந்து வருகிறது.

முதலில் மானியம்

நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய டிசம்பரில் உள்துறை அமைச்சகம், போலீஸ் படைகளுக்கு மத்திய அரசு தரும் மானியத்தின் உத்தேச ஒதுக்கீட்டை வெளியிடும், பிப்ரவரியில் நாடாளுமன்றம் ஒப்புதல் தரும். அந்த அட்டவணையில் உங்கள் போலீஸ் படைக்கு நேரே இருக்கும் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தை மட்டும் எடுக்காதீர்கள். அதில் அடிப்படை மானியம் வேறு, ஓய்வூதியத்துக்கானது வேறு, நிபந்தனையோடு வரும் மானியம் வேறு. பயங்கரவாதத் தடுப்புக்கான பணம் தனிக் கணக்கு. வேல்ஸ் படைகளுக்கு வேல்ஸ் அரசும் ஒரு பங்கு தருகிறது.

அடிப்படை மானியத்தைப் பிரிக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. மக்கள்தொகை, வேலையின்மை, மதுக்கடை நெருக்கம் போன்றவற்றை வைத்து எந்த ஊருக்கு எவ்வளவு போலீஸ் வேலை வரும் என்று அது மதிப்பிடும். ஆனால் திடீர் ஏற்ற இறக்கம் கூடாது என்று அதன் மேல் ஒரு தடுப்பு போட்டிருக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாப் படைகளுக்கும் ஒரே சதவீதத்தில்தான் கூட்டியிருக்கிறார்கள். சூத்திரம் காகிதத்தில் ஓடுகிறது, காசு பழைய தடத்திலேயே ஓடுகிறது. 2015-இல் அதை மாற்றப் புறப்பட்டு, தவறான தரவை வைத்துக் கணக்குப் போட்டது வெளியே வந்ததும் அந்த நவம்பரிலேயே கைவிட்டார்கள்.

பிறகு பிரிசெப்ட்

பி.சி.சி. இணையதளத்தில் ஜனவரி இறுதி, பிப்ரவரி தொடக்கத்தில் வரும் பட்ஜெட் அறிக்கையைத் திறந்தால் நான்கு எண்கள் கிடைக்கும். ஓர் உதாரணம், எண்கள் கற்பனை: நிகரச் செலவு (படை தானே ஈட்டும் வருமானத்தைக் கழித்தது) 30 கோடி பவுண்டு. மானியம் 18 கோடி. சேமிப்பு நிதியிலிருந்து எடுப்பது 20 லட்சம். கவுன்சில்கள் சென்ற ஆண்டு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வசூலித்ததில் போலீசின் பங்கு 10 லட்சம். கழித்தால் மிச்சம் 11.7 கோடி. இதைத்தான் வீடுகளிலிருந்து எடுக்க வேண்டும். (அறிக்கையில் மில்லியன் கணக்கில் இருக்கும். 10 மில்லியன் ஒரு கோடி. இங்கே ஒரு சைபர் நழுவினால் எல்லாம் போச்சு.)

இந்த மிச்சத்தை வரி அடித்தளத்தால் வகுக்க வேண்டும். வரி அடித்தளம் என்பது வீடுகளின் எண்ணிக்கை இல்லை. வீட்டின் மதிப்பைப் பொறுத்து ‘ஏ’ முதல் ‘எச்’ வரை பிரிவுகள் உண்டு; எல்லா வீடுகளையும் கணக்கில் ‘டி’ பிரிவு வீடுகளாக மாற்றி, தனியாள் குடியிருப்புக்கான 25 சதவீதத் தள்ளுபடி, மாணவர் விலக்கு, குறைந்த வருமானச் சலுகை, வசூலாகாமல் போவது எல்லாவற்றையும் கழித்து வரும் எண். அது 4,50,000 என்றால் 11.7 கோடி ÷ 4.5 லட்சம் = 260 பவுண்டு. இது ‘டி’ பிரிவு வீட்டுக்கான ஆண்டுத் தொகை.

மற்ற பிரிவுகளுக்கு ஒன்பதின் பங்காகப் பெருக்குங்கள்: ஏ 6, பி 7, சி 8, டி 9, இ 11, எஃப் 13, ஜி 15, எச் 18. ‘ஏ’ வீட்டுக்கு 173.33, ‘எச்’ வீட்டுக்கு 520. வேல்ஸில் ‘ஐ’ என்று இன்னொரு பிரிவு உண்டு, அதற்கு 21. இங்கிலாந்தில் பிரிவு நிர்ணயம் 1991 ஏப்ரல் மாத வீட்டு விலையை வைத்து, வேல்ஸில் 2003-ஐ வைத்து. வீட்டின் இன்றைய விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் விடை பில்லோடு சில காசு மட்டும் வித்தியாசப்பட்டால் சரி. பவுண்டுக் கணக்கில் வித்தியாசப்பட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒரு தவறு: சென்ற ஆண்டின் வரி அடித்தளத்தை எடுத்திருப்பீர்கள், நிகரச் செலவுக்குப் பதில் மொத்தச் செலவை எடுத்திருப்பீர்கள், அல்லது தனியாள் தள்ளுபடியை மறந்திருப்பீர்கள்.

‘கூடுதல் நிதி’ என்ற அறிவிப்பைப் பிரித்துப் பார்ப்பது

டிசம்பரில் அரசு ‘போலீசுக்கு இத்தனை கோடி கூடுதல்’ என்று சொல்லும்போது, எல்லா பி.சி.சி.களும் பிரிசெப்ட்டை உச்சவரம்பு வரை ஏற்றுவார்கள் என்று வைத்துக்கொண்டு அந்தப் பணத்தையும் சேர்த்தே சொல்கிறது. உச்சவரம்பு என்பது உள்ளூர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தாமல் ஏற்றக்கூடிய அளவு. இங்கிலாந்தில் ‘டி’ வீட்டுக்கு அது 2024-25-இல் 13 பவுண்டு, 2025-26-இல் 14 பவுண்டு.

மேலே சொன்ன உதாரணத்தில் சென்ற ஆண்டு 246 பவுண்டு, வரி அடித்தளம் 4,42,000 என்று வையுங்கள். வசூல் 10.8732 கோடி. இந்த ஆண்டு 11.7 கோடி. கூடுதல் 82.68 லட்சம். இதில் 14 பவுண்டு உயர்வால் வந்தது 63 லட்சம், புதிய வீடுகளால் வந்தது 19.68 லட்சம். மானியம் எவ்வளவு கூடியது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் கையிலிருந்து எவ்வளவு என்று புரியும்.

இதே 14 பவுண்டு எல்லா இடத்திலும் ஒரே பலன் தராது. மூன்று ‘ஏ’ வீடுகள் சேர்ந்தால்தான் இரண்டு ‘டி’ வீடு. சிறிய வீடுகள் நிறைந்த பகுதியில் வசூல் சுருங்கும். சர்ரே போலீசின் நிதியில் பாதிக்கு மேல் கவுன்சில் வரி, நார்த்தம்பிரியாவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே மானியத்தை வெட்டினால் நார்த்தம்பிரியாவுக்குத்தான் அடி பலம்.

பட்ஜெட் எங்கே கிழியும்

சம்பளத்தில்தான். செலவில் பெரும்பகுதி அதுதான். பட்ஜெட் பிப்ரவரியில் முடிந்துவிடும், சம்பள உயர்வு செப்டம்பரிலிருந்து, அது எத்தனை சதவீதம் என்பது கோடையில்தான் தெரியும். சம்பளச் செலவு 23 கோடி என்றால், ஊகத்தைவிட 1 சதவீதம் கூடினாலே மிச்சமுள்ள ஏழு மாதத்துக்கு 13.4 லட்சம் துண்டு விழும். மத்திய அரசு ஈடுகட்டாவிட்டால் சேமிப்பு நிதியில் கை வைப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அப்படி எடுத்திருந்தால் அறிக்கையில் தலைமை நிதி அதிகாரியின் குறிப்பைப் படியுங்கள். மதிப்பீடும் சேமிப்பும் போதுமானவையா என்று அவர் எழுதியே ஆக வேண்டும் என்பது சட்டம்.

எதிர்பாராத பெரிய செலவு வந்தால் உள்துறை அமைச்சகத்திடம் சிறப்பு மானியம் கேட்கலாம். செலவு ஆண்டு பட்ஜெட்டில் 1 சதவீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது பொது விதி.

எப்போது, யாரிடம் கேட்பது

பி.சி.சி. தன் உத்தேசத் தொகையை பிப்ரவரி 1-க்குள், தன்னைக் கண்காணிக்கும் காவல் குற்றக் குழுவிடம் தர வேண்டும். குழு 8-ஆம் தேதிக்குள் பதில் தரும், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் சேர்ந்தால் ஒருமுறை தடுக்கலாம். திருத்திய தொகையை இரண்டாம் முறை தடுக்க முடியாது. ஆக, கருத்துக் கேட்பு நடக்கும் டிசம்பர், ஜனவரியில் எழுதுவதுதான் பலிக்கும். மார்ச்சில் பில் வந்தபின் எழுதினால் நன்றிக் கடிதம் வரும், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் உச்சவரம்பைத் தாண்டினால் வாக்கெடுப்பு. ஒரே ஒரு பி.சி.சி. முயன்றார்: பெட்ஃபோர்ட்ஷயரில் 15.8 சதவீத உயர்வு, 2015 மே 7. வாக்களித்தவர்களில் 70 சதவீதம் போல வேண்டாம் என்றார்கள். உயர்த்திய பில் ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்விட்டதால், திருத்திய பில்லைத் திரும்ப அனுப்ப வேண்டியதாயிற்று.

கணக்கு முடிந்தபின் இன்னொரு வழி உண்டு. இங்கிலாந்தில் ஆண்டுக்கு ஒருமுறை 30 வேலை நாட்கள், பெரும்பாலும் கோடையில், கணக்குகளையும் அவற்றுக்கான பில்களையும் ஒப்பந்தங்களையும் நேரில் பார்க்கலாம். வாக்காளராக இருந்தால் தணிக்கையாளரிடம் கேள்வியும் கேட்கலாம். ‘எல்லாவற்றையும் காட்டுங்கள்’ என்று எழுதாமல், செலவுத் தலைப்பையும் மாதத்தையும் குறித்து எழுதுங்கள்.