முதல் குத்துவாள் வாங்கப் போகிறீர்களா? கோடுகளைக் கடைசியில் பாருங்கள்

சேகரிப்பில் இறங்கும் எல்லோரும் முதலில் மயங்குவது டமாஸ்கஸ் கோடுகளில்தான், அதாவது இரண்டு எஃகுகளை அடுக்கி அடிப்பதால் அலகில் நெளியும் கோடுகளில். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். முதலில் வாங்கிய வாளில் ஒரு துருப்புள்ளியைத் தேய்த்தேன். அந்த இடத்தில் கோடும் சேர்ந்தே போய்விட்டது. அசலிலும் தேய்த்தால் கோடு மங்கும்தான். ஆனால் எஃகை அரிக்கும் பெர்ரிக் குளோரைடு கரைசலில் நனைத்தால் திரும்பி வரும். என்னுடையதில் வரவே இல்லை. வெறும் எஃகின்மேல் அமிலத்தால் வரைந்த கோலம்!

1. சட்டம்

குத்துவாளைப்போல் இருபுறமும் கூர் உள்ள அலகுக்குப் பல நாடுகளில் தனி விதி உண்டு. வீட்டில் வைத்திருப்பது, வெளியே எடுத்துச் செல்வது, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது மூன்றுக்கும் தனித்தனியாக விசாரியுங்கள். யானைத் தந்தப் பிடி என்றால் தொடவே வேண்டாம்.

2. நடுவரம்பு

பிடி முகத்தருகே, நுனி விளக்கைப் பார்த்தபடி இருக்கட்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அலகின் நீளத்துக்குப் பாருங்கள். நடுவில் ஓடும் வரம்பு பிடியருகே தொடங்கி நுனி வரை நூல் பிடித்ததுபோல் போக வேண்டும். நுனிக்கு ஓர் அங்குலம் முன்னால்தான் பெரும்பாலும் கோணும், அங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். அப்புறம் வாளைத் திருப்பி மறுபக்கத்தையும் அப்படியே.

ஒற்றைக் கூர் கத்தியில் சின்னப் பிசகு கண்ணுக்குத் தப்பிவிடும். குத்துவாளில் வரம்பிலிருந்து கூர் நோக்கி இறங்கும் நான்கு சரிவுகள். தேய்க்கும்போது ஒன்றில் கூடுதலாக ஓர் இழுப்பு இழுத்தாலே வரம்பு நகர்ந்துவிடும். ஒரு பக்கம் தடித்துப் போனால், காய்ச்சி எண்ணெயில் தோய்க்கும்போது அலகு வளையவும் செய்யும். 1976-இல் தொடங்கிய கத்திக் கொல்லர் சங்கமான அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி, 'மாஸ்டர் ஸ்மித்' பட்டத்துக்கு வருகிறவரிடம் கேட்கும் கத்திகளில் ஒன்றும் குத்துவாள்தான். குறைந்தது 300 அடுக்கு டமாஸ்கஸ், வரிப்பள்ளம் வெட்டிய பிடி, அந்தப் பள்ளங்களில் முறுக்குக் கம்பி.

3. சேருமிடங்கள்

கொல்லரின் கைப்பழக்கம் அலகைவிட இங்கேதான் தெரியும். பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் குறுக்குக் காப்பும் அலகும் சேரும் இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் கசிந்தாலோ, பசை பிதுங்கி நின்றாலோ எனக்கு அந்த வாள் வேண்டாம். கம்பி சுற்றிய பிடியில் விரலை ஓட்டிப் பாருங்கள், கம்பி முனை தோலைக் கீறக் கூடாது.

பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதியை நம்மால் பார்க்க முடியாது. அதனால் பிடி மாட்டுவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். அலகோடு ஒரே இரும்பாக வந்த வால் நல்லது. மெல்லிய கம்பியைப் பற்றவைத்து ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

4. சரி, இப்போது கோடுகள்

இன்றைய டமாஸ்கஸ் பெரும்பாலும் 1095, 15என்20 என்ற இரண்டு எஃகுகளை அடுக்கிக் காய்ச்சி அடித்தது. நிக்கல் கலந்த 15என்20 அமிலத்தில் வெள்ளியாகவே நிற்கும், 1095 கறுக்கும். சரிவைத் தேய்க்கத் தேய்க்க அடுக்குகள் வெட்டுப்படுவதால், வரம்பருகே ஒரு தோற்றமும் கூரருகே வேறொரு தோற்றமும் தெரியும். வரம்பையும் கூர் விளிம்பையும் சட்டை செய்யாமல் ஒரே அச்சு ஓடினால் சந்தேகப்படுங்கள்.

5. வீட்டுக்கு வந்தபின்

தோலுறையிலேயே வைத்துவிடாதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனம் எஃகை அரிக்கும். உறையைத் தனியாக வைத்துவிட்டு, அலகில் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுங்கள். பார்க்க வந்தவர்கள் நுனியைத் தடவத்தான் தடவுவார்கள்! அவர்கள் போனதும் ஒரு பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். கார்பன் எஃகில் விரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்துவிடும்.