விளையாட்டுப் பேச்சு வானொலி: தொகுப்பாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானொலி நிகழ்ச்சியை முதலிலிருந்து கேட்பவர்கள் குறைவு. வண்டியைக் கிளப்பும்போது போடுவார்கள், போய்ச் சேர்ந்ததும் அணைத்துவிடுவார்கள். நடுவில் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தொகுப்பாளருக்கு. உள்ளூர் விளையாட்டு நிகழ்ச்சிகளில் எனக்கு எரிச்சல் தரும் விஷயங்களில் முக்கால்வாசி, இதை மறப்பதால் வருவதுதான்.

முதலில் ஸ்கோர். "அந்த நேரத்தில் அவன் அப்படி அடித்திருக்கவே கூடாது" என்று ஐந்து நிமிடம் அலசுவார்கள். அவன் யார், எந்த ஆட்டம், கடைசியில் ஜெயித்தது யார்? பாதியில் வந்தவருக்கு ஒன்றும் புரியாது. விருந்தினரையும் வெறும் "சார், சார்" என்றே கூப்பிட்டால், அவர் பயிற்சியாளரா முன்னாள் வீரரா என்று யூகித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்தக் கால அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர், முட்டை வேகவைக்கும்போது நேரம் பார்க்க உதவும் 3 நிமிட மணல் கடிகாரத்தைப் பக்கத்திலேயே வைத்திருப்பார். மணல் இறங்கி முடிந்ததும் ஸ்கோரைச் சொல்லிவிட்டு அதைக் கவிழ்த்து வைப்பார். பேச்சு நிகழ்ச்சிக்கு 3 நிமிடம் கொஞ்சம் நெருக்கம். ஆனால் இடைவேளை முடிந்து திரும்பும்போதெல்லாம் ஆட்டம், ஸ்கோர், விருந்தினர் பெயர் மூன்றையும் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது, சூடு கிளப்பவே சொல்லும் கருத்து. 1987 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் டபிள்யூ.எஃப்.ஏ.என். நிலையம் 24 மணி நேரமும் விளையாட்டு என்று தொடங்கியது. நாள் முழுக்கப் பேசுவதென்றால் ஆட்ட முடிவுகள் மட்டும் போதாது. கருத்தும் நேயர் அழைப்பும்தான் தீனி. அதில் தப்பில்லை. ஆனால் தோற்றால் "பயிற்சியாளரை மாற்று", அடுத்த வாரம் ஜெயித்தால் "அப்போதே சொன்னேனே" என்பது கருத்தே இல்லை. போன வாரம் தான் பேசியது நேயருக்கு ஞாபகம் இருக்காது என்று தொகுப்பாளர் நினைக்கிறார். நன்றாகவே இருக்கும். தப்பாகக் கணித்திருந்தால் ஒரு வரியில் ஒப்புக்கொண்டு போய்விடலாம். அதைக் கேட்கவே தனிச் சுவை.

நேயர் அழைப்பில் நடப்பது இன்னும் மோசம். "நல்லா இருக்கீங்களா, எங்கிருந்து பேசுறீங்க" என்று குசலம் விசாரிப்பதிலேயே அழைப்பு கரைந்துபோகும். அப்புறம் அவர் வாயைத் திறந்ததும் தொகுப்பாளர் வாதாடி வென்றாக வேண்டும். மைக்கும் இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானும் யார் கையில் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும், அந்த வெற்றிக்கு என்ன மதிப்பு? "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பல நேரம் ஸ்டூடியோவில் யாருக்கும் தோன்றாத ஒன்றை அவர் மைதானத்தில் பார்த்திருப்பார். சொன்னதையே திரும்பச் சொல்பவரை நன்றி சொல்லி விடைகொடுத்து அனுப்புவதும் தொகுப்பாளர் வேலைதான்.

பேட்டியில், கேள்வி என்ற பெயரில் தன் கருத்தையே முழ நீளத்துக்குச் சொல்லிவிட்டு "சரிதானே?" என்று முடிப்பவர்களைக் கேட்டிருப்பீர்கள். விருந்தினரும் "ஆமாம்" என்பார். வேறென்ன சொல்வார்?

புள்ளிவிவரங்களை வரிசையாக வாசிப்பதும் வீண். காகிதத்தில் கண் திரும்பிப் போகலாம், காது போக முடியாது. ஒரு எண்ணைச் சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கினால் போதும். இரண்டு தொகுப்பாளர்கள் தங்களுக்குள் மட்டும் புரியும் ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டே இருப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளூர் நிகழ்ச்சி என்று பெயர் வைத்துவிட்டு, உலகமே பேசும் நட்சத்திர வீரரைப் பற்றியே இவர்களும் பேசுவதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உள்ளூர் அணியின் மாற்று கோல்கீப்பர் ஏன் இந்த வாரம் பயிற்சிக்கு வரவில்லை என்பதைச் சொல்ல இவர் ஒருவர்தான் இருக்கிறார். அதற்கு மைதானத்துக்குப் போக வேண்டும். போனால் நட்பு வரும், நட்பு வந்தால் விமர்சிக்க நாக்கு கூசும். அந்தக் கூச்சம் குரலில் தெரிந்துவிடும். வழக்கமாகப் படபடவென்று பேசுகிறவர், தெரிந்தவர் சொதப்பிய ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் வார்த்தை வார்த்தையாக அளந்து பேசுவார்.