கிராக்கோவ் பழைய நகரத்தில் வாடகை வீடெடுத்து வசதியாகத் தங்குவது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு மாடிப் பூங்காவைத் தெரியாமல் இருக்காது. கருப்பர் நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயர் எழுப்பிய மதிலில் எஞ்சி நிற்கும் ஒரு துண்டின் மேல்தான் அந்தப் பூங்கா இருக்கிறது. போலந்தின் கிராக்கோவ் நகரத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதிலை இடித்துவிட்டு, அது நின்ற இடத்தை மரங்கள் அடர்ந்த பூங்காவாக்கினார்கள். பிளான்டி என்னும் அந்தப் பூங்கா ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய நகரத்தைச் சுற்றி வளைத்துக் கிடக்கிறது. அங்கே படிக்கும் என் தங்கை மகளைப் பார்ப்பதற்காக, அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு நாள் ஒரு வாடகை வீட்டில் தங்கினேன். எங்கள் தெருவில் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் போய்ப் பார்க்கக் காத்திருக்கும் குடும்பங்கள் இருப்பதால், வீடு எடுக்கும் விஷயத்தை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கட்டடத்தைப் பாருங்கள். படத்தில் தெரியும் சோபாவையும் திரைச்சீலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நகரின் நடுவே ஒவ்வொரு பக்கமும் சுமார் 200 மீட்டர் அளவுள்ள பெரிய சந்தைச் சதுக்கம் 1257-இல் வகுக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள பழைய நகரம் 1978-இலேயே யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இங்குள்ள வீடுகள் கமியெனிட்சா எனப்படும் பழைய அடுக்குக் கட்டடங்களுக்குள் இருக்கின்றன. தெருவை ஒட்டிப் பெரிய வாயிற்கதவு, உள்ளே இருட்டான நடை, அதைத் தாண்டி ஒரு முற்றம், முற்றத்தைச் சுற்றி மேலே ஏறும் படிக்கட்டு என்று மண்ணடிப் பக்கத்துப் பழைய வீடுகளை நினைவூட்டும் அமைப்பு அது. எங்கள் கட்டடத்தின் மரப்படிகள் எத்தனையோ தலைமுறைக் கால்கள் பட்டு நடுவில் குழிந்திருந்தன. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு படியின் ஓரமாகவே கால் வைத்து ஏறினார். இத்தகைய கட்டடங்கள் பலவற்றில் லிப்ட் கிடையாது. பார்ட்டெர் என்றால் தரைத்தளம், பியென்ட்ரோ என்றால் மாடி. நம் ஊரைப் போலவே தரைத்தளத்துக்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி. ஆனால் அங்கே தளத்தின் உயரம் அதிகமாதலால், மூன்றாம் மாடி என்பது நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாம் மாடிக்குச் சமமான ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகிறீர்களானால், லிப்ட் உண்டா, லிப்ட்டை அடைவதற்கு முன் எத்தனை படி ஏற வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்தது சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பது. தூய மரியாள் பேராலயத்தின் உயரமான கோபுரத்திலிருந்து ஒவ்வொரு மணிக்கும், நள்ளிரவிலும்கூட, ஒருவர் நான்கு திசையையும் நோக்கி எக்காளம் ஊதுகிறார். ஹெய்னாவ் எனப்படும் அந்த இசை பாதியில் சட்டென்று அறுந்து நிற்கும். தாத்தாரியர் படையெடுப்பின்போது காவலனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததால் அப்படி நின்றது என்று ஊர்க்கதை சொல்கிறது. அந்த ஓசை எனக்கு ஒரு நாளும் தொந்தரவாகப் படவில்லை, கேட்கக் கேட்க இனிமையாகத்தான் இருந்தது. தூக்கத்தைக் கெடுப்பவை வேறு: கருங்கல் தளத்தில் போகும் குதிரை வண்டிகள், கோடைக்காலத்தில் நள்ளிரவு தாண்டியும் ஓயாத மதுக்கூடங்கள். ஆகவே சதுக்கத்தைப் பார்த்த வீட்டுக்குக் கூடுதல் வாடகை கொடுப்பதைவிட, முற்றத்தைப் பார்த்த வீட்டை எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சதுக்கத்துக்கு நடந்துபோய் வேண்டிய மட்டும் உட்கார்ந்திருக்கலாம். 1335-இல் தனி நகரமாக நிறுவப்பட்டு, பின்னர் யூதர்களின் குடியிருப்பாகப் பெயர்பெற்ற கஜிமியெஷ் பகுதியும் தங்குவதற்கு ஏற்றதே. ஆனால் பிளாட்ஸ் நோவி சதுக்கத்தின் அருகே இரவுக் கூட்டம் அதிகமாதலால் இரண்டு தெரு தள்ளி எடுங்கள்.

விசாவுக்குத் தங்குமிடச் சான்று வேண்டும். கூடவே குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு ஈடுதரும் பயணக் காப்பீடும் வேண்டும். எனவே விசா கைக்கு வரும்வரை கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய வீட்டையே பதிவு செய்யுங்கள். நாணயம் யூரோ அன்று, ஸ்வோட்டி.

பாலிட்சே விமான நிலையத்திலிருந்து நகரின் முதன்மை ரயில் நிலையத்துக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து பழைய நகரம் நடக்கும் தூரம்தான். உள் தெருக்கள் பலவற்றில் கார்கள் நுழையக் கட்டுப்பாடு இருப்பதால், டாக்சி வீட்டு வாசல்வரை வரும் என்று எண்ண வேண்டாம். கல் பாவிய தெருவில் பெரிய பெட்டியை இழுப்பது கடினம். இரண்டு சிறிய பெட்டிகள் மேல். உரிமையாளர் பெரும்பாலும் நேரில் வருவதில்லை, சாவி குறியீட்டு எண் போட்ட சிறு பெட்டியில் இருக்கும். எங்களுக்கு வாயிற்கதவின் எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு உள்கதவின் எண்ணை அனுப்ப மறந்துவிட்டதால், இரவு பதினொரு மணிக்கு அந்த நடையில் முக்கால் மணி நேரம் அம்மாவைப் பெட்டியின் மேல் உட்காரவைத்துக் காத்திருந்தேன். புறப்படுவதற்கு முதல்நாளே இரண்டு எண்களையும், வீட்டு எண்ணையும், வாயிற்கதவின் படத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்குள் நமக்குப் பழக்கமில்லாதவை சில உண்டு. குளியலறைத் தரையில் பெரும்பாலும் வடிகால் இருக்காது. வாளியில் மொண்டு ஊற்றினால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். கண்ணாடித் தடுப்புக்குள் அல்லது தொட்டிக்குள் நின்றே குளிக்க வேண்டும். சன்னலின் பிடியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் கதவுபோல் திறக்கும், மேல்நோக்கித் திருப்பினால் மேற்பகுதி மட்டும் சாய்ந்து காற்று வரும். பாதியில் நிறுத்தி இழுக்கக் கூடாது. குளிர்காலத்தில் சன்னலடியில் உள்ள வெப்பக் குழாய்களின் குமிழை 3-இல் வைத்தால் போதும், ஈரத்துணியை அதன்மேல் போட்டு மூடாதீர்கள். சில வீடுகளின் மூலையில் பீங்கான் ஓடு பதித்த ஆளுயர அடுப்பு நிற்கும். அது அழகுக்குத்தான், புகைமாசின் காரணமாக 2019 செப்டம்பர் 1 முதல் நகரத்தில் நிலக்கரியும் விறகும் எரிக்கத் தடை உள்ளது. மின்சாரம் நம்முடையதுபோல் 230 வோல்ட். மெல்லிய இரண்டு முனைச் செருகி பொருந்தும், மூன்று முனைச் செருகிக்கு மாற்றி வேண்டும்.

சமையலறைக்காகவே நான் ஓட்டலை விட்டு வீடு தேடினேன். அடுப்பு மின்தூண்டல் வகையாக இருந்தால் அலுமினியக் குக்கர் சூடாகாது. வீட்டிலேயே பாத்திரத்தின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் எடுத்துப் போகலாம். அரிசியும் சிவப்பு மைசூர்ப் பருப்பும் அங்குள்ள கடைகளிலேயே கிடைக்கும். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, புளி, பெருங்காயம் கொண்டு போகலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இறைச்சி, பால், நெய், பால்கோவா எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. காசிமேட்டுக் கருவாட்டை விதி தடுக்காவிட்டாலும், அந்தப் படிக்கட்டு முழுவதும் மணம் நிற்கும் என்பதால் நான் தவிர்த்தேன். மிளகாய் தாளிக்கும்போது புகைபோக்கியைப் போட்டு, சன்னலைச் சாய்த்து, வாணலியை உடனே மூடிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம். அம்மா மட்டும் கடைசிவரை காய்ச்சித்தான் குடித்தார்.

பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். காலைச் சிற்றுண்டிக்குத் தெருமுனை வண்டிகளில் விற்கும் ஒப்வஜானெக் என்னும் முறுக்கிய வளைய ரொட்டி இருக்கிறது. எள் தூவியது எங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி காக்கும் வழக்கம் அங்கே உறுதியானது. சென்னை நேரம் குளிர்காலத்தில் நாலரை மணியும் கோடையில் மூன்றரை மணியும் முன்னே ஓடுவதால், ஊரோடு பேசுவதை மாலைக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம். குப்பையை நிறம் பார்த்துப் போட வேண்டும்: காகிதத்துக்கு நீலம், கண்ணாடிக்குப் பச்சை, பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் மஞ்சள், சமையல் கழிவுக்குப் பழுப்பு, மற்றவை கறுப்பு. தொட்டிகள் முற்றத்தில் இருக்கும், சில இடங்களில் அதற்கும் தனிச் சாவி உண்டு.

புறப்படும் நாளில் விமானம் இரவில்தான் என்றால், பெட்டிகளை ரயில் நிலையத்தில் உள்ள பூட்டுப் பெட்டகங்களில் வைத்துவிட்டுப் பகல் முழுவதும் பிளான்டியில் உட்கார்ந்திருக்கலாம். வீட்டைப் பூட்டுவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படம் எடுத்து, சாவியைப் பெட்டியில் போட்டதையும் ஒரு படம் எடுத்து, இரண்டையும் உரிமையாளருக்கு உடனே அனுப்பிவிடுங்கள்.