சென்னைக்கு புதுசா? பறக்கும் ரயில்ல ஏறுங்க

வேலைக்காக சென்னை வந்து ஆறு மாசமாகியும் ரூமு, ஆபீஸு தவிர ஒரு ஏரியாவும் தெரியலன்னு புலம்புறவங்களுக்கு ஒரு ஐடியா. மேப்பை மூடிட்டு பீச் ஸ்டேஷன்ல வேளச்சேரி போற பறக்கும் ரயில் ஏறி ஜன்னல் சீட்டா பாத்து உக்காருங்க, டிக்கெட்டும் ரொம்ப கம்மி. மேம்பாலத்துல போறதால மொட்டைமாடி, கொடியில காயுற வேட்டி, கீழ பக்கிங்ஹாம் கால்வாய் எல்லாம் தெரியும், கிரீன்வேஸ் ரோடு ஸ்டேஷன் தாண்டினா அடையாறு ஆறு (கூவம் பக்கம் மட்டும் மூக்கை பிடிச்சுக்கோங்க). வாரத்துக்கு ஒரே ஒரு ஸ்டேஷன்ல இறங்கி அங்கேருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு நடங்க, அவ்வளவுதான் மேட்டர்.

முதல்ல திருமயிலைல (மயிலாப்பூர்தான்) இறங்கி காலை ஏழு மணிக்கெல்லாம் கபாலீஸ்வரர் கோயிலைச் சுத்தி இருக்குற மாட வீதி நாலையும் ஒரு சுத்து சுத்திட்டு, தெற்கு மாட வீதி காய்கறி கடைல பிஞ்சு கத்திரிக்கா என்ன விலைன்னு சும்மா கேட்டு வைங்க, அப்படியே மந்தவெளி வரைக்கும் நடந்துரலாம். வழிய ஆட்டோ ஸ்டாண்ட்லயும் டீக்கடைலயும் கேளுங்க, அவங்க சொல்ற அடையாளம்தான் மனசுல நிக்கும்.

பீச் ஸ்டேஷன் கிட்ட இருக்குற கடைவீதி ஏரியாவான பாரிமுனை பக்கம் மட்டும் ஞாயித்துக்கிழமை போயிடாதீங்க. நான் போனேன், முக்காவாசி கடை ஷட்டர் இறக்கியிருந்துச்சு. வேலைநாள்ல போனாதான் கோடவுன் ஸ்ட்ரீட்ல துணி பேல் தலைல தூக்கிட்டு "வழி வழி"ன்னு கத்திட்டு ஓடுறவங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கியே அந்த ஏரியா புரியும்.