கதவு பேனலைக் கழற்றி பவர் விண்டோவைச் சரிசெய்தேன்

பட்டனை அழுத்தினால் ஏறி இறங்க வேண்டிய கார் கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுவிடும். கதவை ஆட்டினால் மறுபடி ஓடும். அதனால் மோட்டாரை விட ஒயர் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

முதல் வேலை, 10 எம்எம் ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றியது. கதவுக்குள் ஏர்பேக் சென்சார் இருக்கலாம், எனவே கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்தேன்.

கைப்பிடிக் குழியில் சின்ன மூடிக்குப் பின்னால் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். பேனல், அதாவது கதவின் உள்பக்க மூடி, வர மறுத்தால் பலத்தைக் கூட்டாதீர்கள், ஸ்க்ரூவைத் தேடுங்கள். பிளாஸ்டிக் நெம்பியை கிளிப்பை ஒட்டிக் கொடுத்து, கீழிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து, கடைசியில் பேனலை மேலே தூக்கினேன். உடனே இழுத்துவிடக் கூடாது, பின்னால் சுவிட்ச் ஒயர்கள் இருக்கும். லாக்கை அழுத்தி கனெக்டரைப் பிடித்துத்தான் உருவ வேண்டும், ஒயரைப் பிடித்தல்ல.

கதவுக்கும் அது மாட்டியிருக்கும் பில்லருக்கும் (காரின் தூண்) நடுவில் ஒயர்கள் போகும் ரப்பர் குழாயை நகர்த்தியதும் கோளாறு தெரிந்தது: ஒரு ஒயரின் உறை வெடித்து, செம்பு இழைகள் பச்சை பூத்து, ஓரிரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அதே தடிமனில் புது ஒயர் சேர்த்தேன். இணைப்பு கதவு மடங்கும் இடத்தில் விழாதபடி தள்ளி வைத்தேன். அங்கே விழுந்தால் திரும்ப அறுந்துவிடும்.

மாட்டும்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை ஓரம் முழுக்க ஒட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் காருக்குள் கசியும். காது உடைந்த கிளிப்புகளுக்குப் புதியவை போட்டேன்.